சிவப்புக் கழுத்துக்காரன்

ஆகஸ்ட் 10

மருமகன் ராஜ்மோகன் இன்று தன் கேமராவை என் கையில் கொடுத்துவிட்டார். ஆசையாக வாங்கியதாம், தொட நேரமில்லையாம். "நீங்க ஸ்டுடியோ வச்சிருந்தவர், மாமா. உங்களுக்குத் தெரியாததா?" என்றார். உண்மைதான். கோவில்பட்டியில் முப்பத்தெட்டு வருடம் பாண்டியன் ஸ்டுடியோ நடத்தியவனுக்கு இதில் தெரியாதது என்று பெரிதாக எதுவும் இருக்காது. கேமராவில் ஏகப்பட்ட பொத்தான்கள் இருக்கின்றன. எனக்கு வேண்டியது ஒன்றுதான், அதைக் கண்டுபிடித்துவிட்டேன்.

ஏப்ரலில் என் மனைவி ஆவுடையும் நானும் மகள் வசுமதியைப் பார்க்க இந்த வட கரோலினாவுக்கு வந்தோம். ஆறு மாதம் இருக்கலாம். அக்டோபர் 2-ஆம் தேதி இருவருக்கும் திரும்ப டிக்கெட் எடுத்தாயிற்று. அதுவரை எனக்கு இங்கே ஒரு வேலையும் கிடையாது. தெருவில் இறங்கி நடந்தால் ஆள் கிடையாது, டீக்கடை கிடையாது, சண்டை போட லாசரும் கிடையாது.

லாசர் என் கடைக்கு எதிர்த்தாற்போல ரூபி ஸ்டுடியோ வைத்திருந்தவர். கழுகுமலையில் அவர் எடுத்த மயில் படம் ஒரு வருடம் தீப்பெட்டிக் கம்பெனிக் காலண்டரில் வந்துவிட்டது. பதினேழு வருடமாக அதையே பேசிக்கொண்டிருக்கிறார்.

வீட்டுக்குப் பின்னால் உள்ள மரத்தளத்தில் ஆவுடை ஒரு ஃபீடர் மாட்டியிருக்கிறாள். சிவப்பு மூடி போட்ட கண்ணாடிப் புட்டி, உள்ளே சீனித்தண்ணீர். ஹம்மிங்பேர்ட் வந்து குடிக்கிறது. கட்டைவிரல் அளவுதான் இருக்கும். ஆணுக்குக் கழுத்தில் மாணிக்கச் சிவப்பு. குளிர் வருவதற்குள் எல்லாம் மெக்சிகோ பக்கம் கிளம்பிவிடுமாம். அதற்குள் எனக்கு ஒரு படம் வேண்டும். சிவப்புக் கழுத்துக்காரன் அந்தரத்தில் நிற்க வேண்டும், இறக்கை விரிந்திருக்க வேண்டும், கண்ணில் ஒரு வெளிச்சப்புள்ளி இருக்க வேண்டும். அதைப் பெரிதாகப் போட்டு ஊர் வீட்டு ஹாலில் மாட்டினால் லாசர் பிறகு மயிலைப் பற்றி வாய் திறக்கமாட்டார்.

ஆகஸ்ட் 11

இருநூற்றுப் பதினான்கு படங்கள். எல்லாவற்றிலும் ஃபீடர் மிகத் தெளிவாக விழுந்திருக்கிறது.

ஆகஸ்ட் 14

"தாடையைத் தூக்குங்க, ஆடாம இருங்க" என்று சொல்லியே பிழைத்தவன் நான். இது ஆடாமல் இருக்கிற ஜென்மமே இல்லை. நான் மூச்சை அடக்கி விரலை அழுத்துவதற்குள் பக்கத்து வீட்டு மரத்துக்குப் போய்விடுகிறது.

போதாததற்கு ஆவுடை. மூன்று நாளுக்கு ஒரு தடவை புட்டியைக் கழற்றி, வெந்நீரில் கழுவி, ஒரு பங்கு சீனிக்கு நாலு பங்கு தண்ணீர் அளந்து காய்ச்சி, ஆறவைத்து ஊற்றுகிறாள். சரியாக வெளிச்சம் நன்றாக இருக்கும் நேரத்தில்தான் இதையெல்லாம் செய்வாள். இந்தக் கேமராவில் முகத்தைக் கண்டால் தானாகவே அதில் ஃபோகஸ் வைக்கிற வசதி ஒன்று இருக்கிறது. எனக்கு நிறுத்தத் தெரியவில்லை, மருமகனிடம் கேட்க மனமில்லை. அதனால் பாதிப் படங்களில் ஆவுடையின் காதோ தோளோ முழங்கையோதான் தெளிவாக இருக்கிறது.

"கொஞ்சம் தள்ளி நில்லேன்" என்றேன்.

"தேன்சிட்டு என்னையப் பாத்தாத்தான் வருது. நான் தள்ளி நின்னா அதுவும் தள்ளி நிக்கும்."

"அது தேன்சிட்டு இல்ல. ஹம்மிங்பேர்ட்."

"சரிங்க" என்றாள். அதன் பிறகும் தேன்சிட்டு என்றுதான் சொல்கிறாள்.

ஆகஸ்ட் 17

சாப்பிடும்போது வசு ஒரு பேச்சை எடுத்தாள். "அப்பா, அம்மா இங்க நல்லா இருக்கா. பாத்தீங்கல்ல? அம்மாவுக்கு கிரீன் கார்டு போட்டுரலாம்னு இருக்கேன். நீங்களும் இருங்க. இல்ல, ஊர்லதான் இருப்பேன்னா அம்மா மட்டுமாவது இருக்கட்டும்."

நல்லாத்தான் இருக்கிறாள், மறுக்கவில்லை. பக்கத்து வீட்டு லிண்டா தன் கராஜில் கிடந்த தையல் மிஷினைக் கொடுத்துவிட்டாள். இந்த ஊர்த் தமிழ்ப் பெண்கள் ஜாக்கெட் தைக்க ஆள் கிடைக்காமல் தவித்தவர்கள், இப்போது துணியும் கையுமாக வருகிறார்கள். இவளும் சும்மாவே தைத்துக் கொடுக்கிறாள். செவ்வாய்க்கிழமை லைப்ரரியில் இங்கிலீஷ் வகுப்புக்கு வேறு போகிறாள். அதற்காக ஊரையும் வீட்டையும் விட்டுவிட முடியுமா?

"உங்கம்மாவுக்குக் குளிர் ஒத்துக்காதும்மா. அவ இருக்கமாட்டா" என்றேன்.

ஆவுடை எனக்கு ரசம் ஊற்றினாள். ஒன்றும் சொல்லவில்லை. பேசாமல் இருந்தால் சம்மதம் என்று பொருள். நாற்பத்தொரு வருட அனுபவத்தில் சொல்கிறேன். விஷயம் அத்தோடு முடிந்தது.

ஆகஸ்ட் 22

சிவப்புக் கழுத்துக்காரனின் நடவடிக்கையைக் கவனித்து வருகிறேன். மரத்தின் உச்சிக் குச்சியில் உட்கார்ந்துகொள்கிறான். வேறு எது ஃபீடருக்கு வந்தாலும் பாய்ந்து விரட்டுகிறான். தானும் குடிப்பதில்லை, அடுத்ததையும் குடிக்கவிடுவதில்லை. கடை முதலாளி மாதிரி ஒரு தோரணை. எனக்கு அவனைப் பிடித்திருக்கிறது.

லிண்டா வேலிக்கு அந்தப்பக்கம் நின்று வெகுநேரம் ஏதோ சொன்னாள். என் இங்கிலீஷ் எழுதினால் பிழை இருக்காது, காதுக்குத்தான் எட்டாது. ஆவுடைதான் தமிழில் சொன்னாள்.

"ஆணு கூடு கட்டாதாம். அடைகாக்காதாம். குஞ்சுக்கு இரை கொடுக்காதாம். எல்லாம் பெட்டைதான் பாக்குமாம்."

"அப்ப ஆண் என்ன செய்யுமாம்?"

"அங்கன உக்காந்திருக்குமாம்."

லிண்டா இவ்வளவு சுருக்கமாகச் சொன்ன மாதிரி தெரியவில்லை. ஆவுடை தன் இஷ்டத்துக்கு வெட்டிச் சொல்கிறாளோ என்னவோ.

ஆகஸ்ட் 27

இன்று ஒரு உண்மை புரிந்தது. அந்தச் சிவப்பு, இறகில் இல்லை. வெளிச்சம் நேராகப் பட்டால்தான் சிவப்பு, இல்லையென்றால் வெறும் கறுப்பு. ஆக இது லைட்டிங் பிரச்சினை. லைட்டிங் பிரச்சினையை யாரிடம் கொண்டுவருகிறீர்கள்!

வெள்ளைப் போர்வையை ஆவுடையிடம் கொடுத்து, காலை வெயிலைக் கழுத்துப் பக்கம் திருப்பச் சொன்னேன். பழகிய கை. ஸ்டுடியோவில் கல்யாணக் கூட்டம் வரும்போதெல்லாம் தெர்மாகோல் அட்டையைப் பிடித்து நின்றவள் அவள்தான். சொல்லாமலே சரியான கோணத்தில் பிடித்தாள். நாற்பது நிமிடம் நின்றாள். அவன் வந்தான், கழுத்து தீயாக எரிந்தது, நான் அழுத்தினேன். படத்தில் போர்வை அற்புதமாக வந்திருக்கிறது. ஓரத்தில் ஒரு சிவப்புக் கோடு.

நாளைக்குச் சரியாகிவிடும்.

ஆகஸ்ட் 30

இன்று அவன் வரவில்லை. மழை.

செப்டம்பர் 3

இன்றும் வரவில்லை. பெட்டைகளும் குஞ்சுகளும்தான் வந்துபோகின்றன.

மதியம் ஆவுடை வந்து, "ஏங்க, எனக்கு ஒரு போட்டோ எடுத்துத் தாங்க. ரெண்டுக்கு ரெண்டு இஞ்சு. பின்னால வெள்ளையா இருக்கணுமாம்" என்றாள்.

"எதுக்கு?"

"லைப்ரரி கார்டுக்கு."

போர்வையைச் சுவரில் கட்டி அவளை உட்கார வைத்தேன். கண்ணாடியைக் கழற்றச் சொன்னேன். "சிரிக்காத" என்றேன். "நான் சிரிக்கலியே" என்றாள். ஒரே கிளிக்.

அவளைத் தனியாக உட்கார வைத்து நான் எடுத்த படம் வேறு இருக்கிறதா என்று யோசித்துப் பார்த்தேன். கல்யாணப் படங்களை லாசர் எடுத்தார், நான் மாப்பிள்ளையாக இருந்தபடியால். பாஸ்போர்ட் படத்தை ஏஜெண்டே எடுத்துக்கொண்டான். மற்றபடி ஞாபகம் வரவில்லை. அவளுக்கு இடது கண் வலது கண்ணைவிடக் கொஞ்சம் சிறியது. ஊரில் யாருக்கு எந்தக் கண் சிறியது என்று கேட்டால் இன்றைக்கும் சொல்வேன். இதை இன்றுதான் பார்த்தேன்.

வலது காதுக்குப் பின்னால் போர்வையில் லேசாக நிழல் விழுந்துவிட்டது. லைப்ரரிக்கு இது போதும்.

ரெண்டுக்கு ரெண்டு என்பது அமெரிக்க அரசாங்க அளவு. விசாவுக்கு, கிரீன் கார்டுக்கு என்று ஆயிரம் பேருக்காவது எடுத்துக் கொடுத்திருப்பேன். இந்த ஊர் லைப்ரரிக்காரர்களும் கெடுபிடியானவர்கள் போலிருக்கிறது.

செப்டம்பர் 6

இன்று காபியை நானே போட்டேன். காரணம் ஒன்றுமில்லை, சும்மா போட்டுப் பார்த்தேன். பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. சீனி டப்பா எங்கே இருக்கிறதென்று தெரியவில்லை. பிரிட்ஜில் ஃபீடருக்குக் காய்ச்சி வைத்திருந்த சீனித்தண்ணீர் இருந்தது, அதை ஊற்றிக்கொண்டேன். குடிக்கும்படியாகத்தான் இருந்தது. ஒரு மனுஷன் தனியாக இருந்து சமாளிப்பது அப்படியொன்றும் பெரிய வித்தை இல்லை.

ஆவுடை அடுப்பைத் துடைத்துவிட்டு வேறு காபி போட்டுத் தந்தாள்.

செப்டம்பர் 9

மெமரி கார்டு நிரம்பிவிட்டது. பெட்டைகளின் படம் முந்நூற்றுச் சொச்சம் இருந்தது, அழித்தேன். நிறம் கிடையாது, மேலே மங்கிய பச்சை, கீழே அழுக்கு வெள்ளை. லாசரிடம் கொண்டுபோய்க் காட்டினால் குருவி என்பார்.

"அழிக்காதீங்க மாமா. பின்னாடி வேணும்னு தோணும்" என்றார் ராஜ்மோகன்.

தோணாது என்றேன்.

செப்டம்பர் 14

இரண்டு வாரத்துக்கு மேல் காத்திருந்தாயிற்று. காலை ஏழு முதல் மத்தியானம் வரை நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்து இடுப்பு பிடித்துவிட்டது. ஆவுடை ஃபீடரைக் கழுவிக்கொண்டிருந்தாள். லிண்டாவும் அந்தப்பக்கம் தன் ஃபீடரைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"ஆவுடை, அந்தம்மாகிட்டக் கேளு. சிவப்புக் கழுத்துக்காரன் எப்ப வருவானாம்?"

அவள் லிண்டாவிடம் கேட்கவே இல்லை. புட்டியைக் கவிழ்த்துத் தண்ணீரை வடித்துக்கொண்டே சொன்னாள்: "அது போயி ரெண்டு வாரமாச்சுங்க."

"எங்க போச்சு?"

"மெக்சிகோவுக்குத்தான். ஆம்பளைக முதல்ல கிளம்பிருமாம். தனியாத்தான் போகுமாம். பெட்டையும் குஞ்சும் இருந்து, தின்னு ஒடம்பத் தேத்திக்கிட்டு, அப்புறந்தான் போகும்."

"இது உனக்கு எப்பத் தெரியும்?"

"லிண்டா ஆகஸ்டுலயே சொன்னாங்க."

"அப்ப ஏன் எங்கிட்டச் சொல்லல? நான் பைத்தியக்காரன் மாதிரி உக்காந்திருக்கேன்!"

"நீங்க கேக்கலியே" என்றாள்.

கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

செப்டம்பர் 15

இன்று படம் எடுக்கவில்லை. வெளிச்சம் சரியில்லை.

வசு துணிகளை வெளியே காயப்போட்டு ஒரு மணி நேரத்தில் மொடமொடவென்று எடுத்து வந்தாள்.

செப்டம்பர் 18

கேமரா சார்ஜரைத் தேடி வசுவின் மேஜை இழுப்பறையைத் திறந்தேன். சார்ஜர் இல்லை. ஒரு காகித உறை இருந்தது. கட்டுக்கட்டாகப் படிவங்கள். மேலே நான் எடுத்த படம் இரண்டு பிரதி, கிளிப் போட்டு. ஆவுடைத்தாய் சங்கரபாண்டியன் என்று பெரிய எழுத்தில் பெயர். வசு கையெழுத்துப் போட்டிருக்கிறாள். ஆவுடை கையெழுத்துப் போட வேண்டிய இடம் காலியாக இருக்கிறது.

பிரிண்ட் சரியில்லை. சற்று மஞ்சள் அடிக்கிறது.

இருந்த மாதிரியே வைத்துவிட்டேன். எனக்கு அதில் என்ன இருக்கிறது?

செப்டம்பர் 19

சார்ஜர் என் பெட்டியிலேயே இருந்தது.

ஊரில் கதவைத் திறந்தால் முதலில் என்ன செய்ய வேண்டும் என்று யோசித்தேன். மோட்டார் போட வேண்டும். மோட்டார் ஸ்விட்ச் சமையலறையில் எந்தப் பக்கம் என்று நினைவுக்கு வரவில்லை. அந்த வீட்டில் முப்பது வருடமாக இருக்கிறேன்.

செப்டம்பர் 21

வேறு வழியில்லாமல் பெட்டையைப் படம் பிடிக்க உட்கார்ந்தேன். கவனித்துப் பார்த்தால் அதுவும் லேசுப்பட்டதில்லை. கடலைத் தாண்ட வேண்டுமாம், நடுவில் உட்கார ஒரு குச்சி கிடையாதாம். அதற்காக உடம்பு ஏறக்குறைய இரண்டு மடங்காகும்வரை குடிக்கிறது. அவன் இருந்தவரை குடிக்கவிடாமல் விரட்டிக்கொண்டே இருந்தான். இப்போது நிம்மதியாகக் குடிக்கிறது.

பதினோரு மணிக்கு ஆவுடை புட்டியை மாட்ட வந்தாள். மாட்டுவதற்கு முன்னாலேயே பெட்டை வந்து அவள் முகத்துக்கு நேரே அந்தரத்தில் நின்றது. "அவசரத்தப் பாரு! இரு தாயி, இரு" என்று அதனிடம் பேசினாள். நான் அழுத்திக்கொண்டே இருந்தேன்.

உள்ளே வந்து பார்த்தேன். வழக்கம் போல அந்தப் பாழாய்ப்போன வசதி ஃபோகஸை முகத்தில் வைத்துவிட்டது. பறவை ஒரு பச்சைக் கலங்கல். ஆவுடை துல்லியமாக இருக்கிறாள். சிரிக்கிறாள். வாய் திறந்து, கடைவாய்ப் பல் தெரிய, இடது கண் முழுக்க இடுங்கிப்போய்ச் சிரிக்கிறாள். கண்ணில் வெளிச்சப்புள்ளி இருக்கிறது.

இதை அழிக்கவில்லை.

செப்டம்பர் 24

கேட்டுவிட்டேன். எப்படிக் கேட்பது என்று இரண்டு நாள் ஒத்திகை பார்த்தேன். 'நீ இருக்கமாட்டாய் என்று எனக்குத் தெரியும், இருந்தாலும் வசுவுக்காகக் கேட்கிறேன்' என்று ஆரம்பிப்பதாக இருந்தது. அவள் 'உங்கள விட்டுட்டு நான் எப்படிங்க?' என்பாள், அதற்கு நான் சொல்ல வேண்டிய பதிலையும் தயாராக வைத்திருந்தேன்.

அவள் தையல் மிஷினில் இருந்தாள். போய் நின்றேன். வாயில் வந்தது வேறு.

"ஆவுடை, உனக்கு இங்க இருக்கணும்னு இருக்கா?"

மிஷினை நிறுத்தினாள். என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நெசமாத்தான் கேக்கீகளா?"

"நெசமாத்தான்."

"இருக்கணுங்க" என்றாள்.

நான் ஒத்திகை பார்த்தது எதற்கும் உதவவில்லை.

"எம்மேல எதுவும் கோவமா?"

"கோவமெல்லாம் இல்ல. இங்க காலையில எந்திரிச்சா, இன்னைக்கு என்ன செய்யலாம்னு எனக்குத் தோணுது. அங்க, இன்னைக்கு உங்களுக்கு என்ன செய்யணும்னுதான் தோணும். தப்பாச் சொல்லல. கொஞ்ச நாள் இப்படி இருந்து பாக்கணும்னு ஆசையா இருக்கு. நீங்களும் இருங்களேன்."

"எனக்கு இங்க மூச்சு முட்டுது."

"அதும் தெரியும்" என்றாள்.

பாத்ரூமுக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். இதை எழுதிவிடுகிறேன், யாரும் படிக்கப்போவதில்லை. அவள் இல்லாத வீட்டை நினைத்தால் எனக்குப் பயமாக இருக்கிறது. அவள் சொன்னதில் ஒரு வார்த்தை கூடத் தப்பில்லை என்பது அதைவிடக் கஷ்டமாக இருக்கிறது.

செப்டம்பர் 26

காலை நல்ல வெளிச்சம். போர்வையைச் சுவரில் கட்டினேன். ஆவுடையைக் கூப்பிட்டேன்.

"லைப்ரரி போட்டோவைத் திரும்ப எடுக்கணும். காதுக்குப் பின்னால நிழல் விழுந்திருக்கு. ஆபீஸ்ல திருப்பி அனுப்பிருவாங்க."

உட்கார்ந்தாள். சுவரிலிருந்து மூன்றடி முன்னால் நாற்காலியைத் தள்ளிப் போட்டேன். நிழல் விழாமல் எடுக்க அவ்வளவுதான் செய்ய வேண்டும். முதல் வருடம் தொழில் பழகுகிறவனுக்கே தெரியும். முப்பத்தெட்டு வருடம் செய்தவன் அன்றைக்கு நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டான். கை தவறியதென்று இத்தனை நாள் நானே நம்பிக்கொண்டிருந்தேன்.

"அன்னைக்கே பாத்தேன்" என்றாள் ஆவுடை. "தெர்மாகோல் பிடிச்சவளுக்கு நிழல் தெரியாதா? இவராவே திரும்ப எடுத்துத் தரட்டும்னுதான் கையெழுத்துப் போடாம வச்சிருக்கேன்."

"அப்ப ஏன் சொல்லல?" என்று கேட்க வந்தேன். பதில் தெரியும் என்பதால் கேட்கவில்லை.

"சிரிக்கலாமா?" என்றாள்.

"கூடாது. அரசாங்கப் படம்."

ஒன்பது தடவை எடுத்தேன். ஒன்று போதும். காதுக்குப் பின்னால் பால் மாதிரி வெள்ளை. எந்த ஆபீஸிலும் குறை சொல்ல முடியாது. என் தொழிலில் இதைவிடச் சுத்தமாக நான் ஒரு ரெண்டுக்கு ரெண்டு எடுத்ததில்லை.

மாலையில் கையெழுத்துப் போட்டாள். பேனாவை நான்தான் கொடுத்தேன்.

அக்டோபர் 1

பெட்டி கட்டியாயிற்று. ரசம் வைக்க மூன்று நாள் பழகினேன். முதல் நாள் ரசத்தை ராஜ்மோகன் சாம்பார் என்று நினைத்து இட்லிக்குத் தொட்டுக்கொண்டார். நல்ல பிள்ளை, ஒன்றும் சொல்லவில்லை. மோட்டார் ஸ்விட்ச் சமையலறையிலேயே இல்லையாம், பின்வாசல் கதவுக்குப் பின்னால் இருக்கிறதாம். ஆவுடை ஒரு நோட்டில் எல்லாவற்றையும் எழுதித் தந்திருக்கிறாள், பன்னிரண்டு பக்கம்.

லாசர் போனில் கேட்டார்: "என்னய்யா, பறவையப் பிடிச்சிட்டேரா?"

"பிடிச்சாச்சு. பெரிசாப் போட்டுக் கொண்டாறேன்."

அந்தப் படத்தை மருமகன் பெரிதாகப் பிரிண்ட் போட்டுத் தந்திருக்கிறார். சுருட்டிக் குழாயில் வைத்திருக்கிறேன். பறவை அவுட் ஆஃப் ஃபோகஸ் என்பார் லாசர். சொல்லட்டும்.

அக்டோபர் 2

விமான நிலையத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது.

காலையில் ஃபீடருக்கு ஒன்றும் வரவில்லை. இனிமேல் எதற்குக் காய்ச்சுகிறாய் என்று கேட்டேன். கடைசிப் பறவை போன பிறகும் இரண்டு வாரம் மாட்டி வைக்க வேண்டுமாம், பின்தங்கி வருகிறது ஒன்றிரண்டு இருக்குமாம். கழுவினாள், அளந்தாள், காய்ச்சினாள். நான் போர்வையை மடித்து வைத்தேன்.

இங்கே வந்ததும் வசுவும் மருமகனும் பெட்டிகளை எடுத்துக்கொண்டு முன்னால் போனார்கள். ஆவுடை என் சட்டைக் காலரைச் சரிசெய்தாள். மாத்திரை எந்தப் பையில் என்று சொன்னாள். நான் தலையாட்டிக்கொண்டே இருந்தேன். வரிசை நகர்ந்தது. இதற்கு மேல் அவள் வரக்கூடாது என்று கயிறு கட்டியிருந்தார்கள்.

நான் கயிற்றைத் தாண்டிவிட்டேன். அவள் அந்தப்பக்கம் நின்று கூப்பிட்டாள்.

"ஏங்க! லிண்டா இன்னொண்ணும் சொன்னாங்க. வசந்தத்துல திரும்பி வர்றதும் ஆம்பளைதான் முதல்ல வருமாம். அதே ஃபீடருக்கு."

இதை நான் கேட்கவில்லை. அவளாகவே சொன்னாள்.